படகுப் பூச்சும் கொல்லாமை நெறியும்

மேட்டூரிலிருந்து மோகனூர் வரை, சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே காவிரி இறங்குகிறது. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் மீன்பிடிப் பரிசல்கள் மிதக்கின்றன. பூலாம்பட்டிக்கும் எதிர்க்கரையில் உள்ள நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே விசைப்படகுகள் ஆளையும் இருசக்கர வண்டியையும் ஏற்றிக்கொண்டு போய்வருகின்றன. இந்த ஒவ்வொரு கலத்துக்கும் அடிப்புறத்தில் ஏதோ ஒரு பூச்சு வேண்டும். எந்தப் பூச்சு சரி என்று வழக்கமாகப் பெயிண்ட் கடையில்தான் கேட்கிறோம். என்ன விலை, எத்தனை கோட்டிங், எத்தனை வருஷம் நிற்கும் என்று கடைக்காரர் பதில் சொல்கிறார். அந்தப் பதிலில் தவறில்லை; ஆனால் அது பாதிப் பதில். பூச்சின் ஒரு பக்கத்தில் படகு இருக்கிறது, மறுபக்கத்தில் ஆறு இருக்கிறது, ஆற்றில் உயிர்கள் இருக்கின்றன. பிழைப்புக்காகப் பிற உயிருக்கு நாம் செய்யும் தீங்கில் தவிர்க்க முடியாதது எவ்வளவு, எந்த இடத்திலிருந்து அது பாவமாகிறது என்ற பழைய சமயக் கேள்வி அந்தப் பெயிண்ட் டப்பாவுக்குள்ளும் இருக்கிறது. தமிழ்ச் சிந்தனை அந்தக் கேள்வியைக் கையாண்ட வழியிலேயே கேட்டுப் பார்த்தால், காவிரிப் படகுக்குத் தெளிவான விடை கிடைக்கும். நீர் புகாமல் காக்கும் பூச்சு கடமை. ஒட்டும் உயிரைக் கொல்லும் பூச்சு, இந்த ஆற்றைப் பொறுத்தவரை, தேவையில்லாத கொலை.

இதை விளக்க, பூச்சு என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். படகின் அடிப்புறப் பூச்சுக்கு மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, நீர் உள்ளே வராமல் தடுப்பது. பரிசலில் இது உயிர்நிலை. மூங்கிலைப் பிளந்து பின்னிய கூடைக்குள் தண்ணீர் புகுந்துவிடும். முன்பு அதன் வெளிப்புறத்தில் தோல் போர்த்தினார்கள். இன்று பிளாஸ்டிக் சாக்கோ ஷீட்டோ போர்த்தித் தார் பூசுகிறார்கள். அந்தத் தார்தான் ஆற்றுக்கும் பயணிக்கும் இடையில் இருக்கும் சுவர். இரண்டாவது வேலை, கலம் செய்த பொருளைக் காப்பது: மரம் உளுத்துப் போகாமல், இரும்பு துருப்பிடிக்காமல், ஃபைபர் வெயிலில் வெளிறி வெடிக்காமல் பார்த்துக்கொள்வது. மூன்றாவது வேலை வேறு வகை. நீருக்குள் அமிழ்ந்திருக்கும் எந்தப் பரப்பிலும் உயிர்கள் வந்து குடியேறும். கடலில் பாசியில் தொடங்கி, கொட்டலசு, சிப்பி என்று அடுக்கடுக்காக ஒட்டும். ஒட்டினால் படகின் வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகும். அதைத் தடுக்கவென்றே விற்கப்படும் பெயிண்டுகளில் பெரும்பாலானவை நஞ்சைக் கலந்து செய்தவை. இன்று அதிகம் பயன்படும் நஞ்சு செம்பு ஆக்சைடு. முதல் இரண்டு வேலைகளில் பூச்சு தன் இடத்திலேயே இருந்தால்தான் வெற்றி. மூன்றாவதில் பூச்சிலிருந்து நஞ்சு சிறிது சிறிதாக நீரில் கரைந்து வெளியேறினால்தான் வெற்றி. கசிவு அந்தப் பெயிண்டின் குறையல்ல, அதன் தொழிலே அதுதான். ஆகவே அதைப் பூசுபவர், நீரில் நஞ்சு கலந்தது தற்செயல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த வேறுபாட்டை எடைபோடத் தேவையான அளவுகோல் தமிழ் நிலத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடு உணர்வு மட்டுமுள்ள ஓரறிவு உயிர்கள். நத்தையும் சிப்பியும் சுவையும் அறியும் ஈரறிவு உயிர்கள். சமணமும் இதே முறையில்தான் உயிர்களை எண்ணுகிறது. அதன் இல்லற நெறி அந்த எண்ணிக்கையிலிருந்து ஒரு நடைமுறை விதியை எடுக்கிறது. துறவி எந்த உயிருக்கும் தீங்கு செய்யாத முழு விரதத்தை ஏற்கிறார். இல்லறத்தாருக்கு அது இயலாது; மண்ணைக் கிளறாமல், நீரை மொள்ளாமல், நெருப்பு மூட்டாமல், பயிரை அறுக்காமல் குடும்பம் நடக்காது. அதனால் அவருக்கு அணுவிரதம் என்ற சிறு நோன்பு. ஓரறிவு உயிர்களுக்கு நேரும் தீங்கை அவர் குறைத்துக்கொள்ள வேண்டும். ஈரறிவும் அதற்கு மேலும் உள்ள உயிர்களைக் கருதிக் கொல்லவே கூடாது. தமிழில் இல்லறத்தார் ஒழுக்கத்தைச் சொல்லும் அருங்கலச்செப்பு இந்த மரபில் வந்த நூல். இந்த நெறி நம் பகுதிக்கு அந்நியமும் அல்ல. தகடூரில், அதாவது இன்றைய தருமபுரியில், 9-ஆம் நூற்றாண்டில் சமணப் பள்ளிக்குக் கொடை கொடுத்ததை நுளம்பர் காலக் கல்வெட்டு சொல்கிறது. கொங்கின் விஜயமங்கலத்தில் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. விரதத்தின் எல்லைக்கோடு எந்த உயிரிடம் தொடங்குகிறதோ, அந்த நத்தையும் சிப்பியும்தான் படகுப் பெயிண்டின் நஞ்சுக்கு முதலில் பலியாகும் உயிர்களும்.

சமண அறத்தில் இன்னொரு பாகுபாடும் உண்டு. தீங்கு நான்கு வகை: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தார் முற்றாக விட வேண்டியது முதல் வகையை. மற்ற மூன்றும் அவர் வாழ்வோடு ஒட்டியவை. அவற்றில் கவனமும் குறைப்பும் வேண்டும் என்பதே விதி. இங்கே ஒருவர் கேட்கலாம்: படகு ஓட்டுவது தொழில், படகுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழிலின் பகுதி, அப்படியென்றால் அதில் சாகும் நத்தை தொழிலில் நேர்ந்த தீங்குதானே? நியாயமான கேள்வி. ஆனால் தொழிலில் நேரும் தீங்கு என்ற சலுகை, அந்தத் தீங்கு இல்லாமல் தொழில் நடக்காது என்ற நிலைக்குத்தான் பொருந்தும். ஏர் ஓட்டாமல் பயிர் இல்லை. ஆகவே கொழுமுனையில் சாகும் புழு அந்த வகையில் சேரும். தீங்கு இல்லாமலே தொழில் நடக்குமென்றால், அதன் பிறகும் அதைச் செய்வது தெரிந்து செய்வதாகிவிடுகிறது. எனவே முழு விவாதமும் ஓர் உண்மை நிலவரத்தில் வந்து நிற்கிறது. காவிரிப் படகுக்கு நஞ்சுப் பெயிண்ட் தேவையா?

தேவையில்லை. கடலின் பெருந்தொல்லையான கொட்டலசு உப்புநீர் உயிர். மேட்டூர் நன்னீரில் அது வாழாது. மரத்தைத் துளைக்கும் கடல் புழுவும் இங்கே இல்லை. காவிரியில் படகின் அடியில் ஒட்டுவது பெரும்பாலும் பாசியும் வழுக்கலும்தான். அதைத் துடைக்க ஒரு நாரும் கொஞ்சம் உழைப்பும் போதும். பரிசலுக்கு அதுகூட வேண்டாம். வேலை முடிந்ததும் பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பது வழக்கம். வெயிலில் காய்ந்த அடிப்புறத்தில் பாசி நிலைக்காது. இடைவிடாமல் நீரில் கிடக்கும் கலத்துக்குத்தான் நஞ்சுப் பெயிண்ட் கண்டுபிடிக்கப்பட்டது. கரையேறிக் காயும் கலத்துக்கு வெயிலே அந்த வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. கடற்கரையில் கட்டுமரத்தைக் கரையில் ஏற்றி உலர்த்தியதும் இதே அறிவுதான். மறுபுறம், செம்பு நன்னீரில் சும்மா இருப்பதில்லை. பரமத்தி வேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்காரர்களுக்கு மயில்துத்தம் தெரியும். அது செம்பு உப்பு. போர்டோ கலவையாகி வாடல் நோய்ப் பூஞ்சணத்தைக் கொல்வது அதுதான். நீர்நிலைகளில் பாசியைக் கொல்லவும், நோய் பரப்பும் நத்தைகளை ஒழிக்கவும் உலகின் பல பகுதிகளில் பயன்படுத்தியதும் அதுதான். மீனின் செவுளையும் அது கெடுக்கும். மேலும் செம்பு ஒரு தனிமம். நாள்பட்டுச் சிதைந்து மறைவது அதன் இயல்பில் இல்லை. மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வரிசையாக ஆற்றைத் தேக்கி நிறுத்துகின்றன. தேங்கும் நீரில் வண்டல் படியும். வண்டலோடு செம்பும் படியும். நத்தையும் புழுவும் வாழ்வது அந்த வண்டலில்தான்.

நஞ்சு நாம் குறித்த இடத்தோடு நிற்காது என்பதற்கு உலகம் ஒருமுறை பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கிறது. 1960-களிலிருந்து டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மத்தைக் கப்பல் பெயிண்டுகளில் கலந்தார்கள். கொட்டலசை விரட்டுவதில் அதற்கு இணை இல்லை என்று கொண்டாடினார்கள். 1970-களின் பிற்பகுதியில் பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் வளர்ப்புச் சிப்பிகள் குஞ்சு பொரிக்கவில்லை; வளர்ந்தவற்றின் ஓடுகள் கோணலாகத் தடித்தன. காரணம் அங்கே நின்ற படகுகளின் பெயிண்ட் என்று தெரிந்ததும், 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பிரிட்டன் கடலோரத்தில் அதைவிட விபரீதம் நடந்தது. ஒருவகைக் கடல் நத்தையில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்து, முட்டை வெளியேறும் வழி அடைபட்டது. துறைமுகங்களை ஒட்டிய இடங்களில் அந்த இனமே இல்லாமல் போனது. பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைக்கப் போதுமான அளவு, ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம். அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 2008 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்து அந்தப் பெயிண்டை உலகக் கப்பல்களிலிருந்து விலக்கியது. தன் படகில் ஒட்டும் உயிரை மட்டும் தடுப்பதாக நினைத்துப் பூசிய ஒவ்வொருவரும், தன் படகைத் தொடவே செய்யாத ஓர் இனம் அங்கங்கே அழிவதற்குப் பங்களித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்கள் செயலின் எல்லை படகின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் தவறு. கருமம், செய்தவர் கண்ணுக்கு எட்டிய தூரத்தோடு நிற்பதில்லை என்று நம் சமயங்கள் ஓயாமல் சொல்லிவந்ததை, ஆய்வுக்கூடம் நானோகிராம் கணக்கில் எழுதிக் காட்டியது.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு வலுவானது. படகில் ஏறுபவர்கள் மனிதர்கள். ஆற்று உயிரை நினைத்துப் பூச்சில் சிக்கனம் செய்தால் மனித உயிர் போகும். இதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இதனால்தான் மூன்று வேலைகளையும் பிரித்தேன். நீர் புகாமை, பொருளின் உறுதி இரண்டிலும் ஒரு துளி சமரசமும் கூடாது. தார் வெடித்த பரிசலில் ஆளேற்றுவதும், துருப்பிடித்த தகட்டின் மேல் அழகுக்கு ஒரு கோட்டிங் அடித்து ஆளேற்றுவதும் பெரும் பாவம். கொல்லாமை நெறி மனிதரையும் உயிர் என்றே எண்ணுகிறது. ஆறறிவு உயிரின் பாதுகாப்பை அது பின்னுக்குத் தள்ளாது. நான் விலக்கச் சொல்வது மூன்றாவது வேலைக்கான நஞ்சை மட்டும். அந்த நஞ்சால் பயணியின் பாதுகாப்பு ஓர் அணுவும் கூடுவதில்லை.

இரண்டாவது மறுப்பு: மீன்பிடிக்கும் பரிசலுக்கு நத்தை மேல் கருணை எதற்கு? வலையில் கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் சாகும்போது, பெயிண்டில் சாகும் நத்தையைப் பேசுவது போலியாகாதா? மீனவரின் தொழிலைச் சமண நெறி ஏற்காது என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் ஒரு நெறியின் உச்சியை எட்ட முடியாதவர், அதன் முதல் படியிலும் நிற்கக் கூடாது என்று யாரும் விதிக்கவில்லை. அணுவிரதம் என்ற ஏற்பாடே, இயன்ற அளவுக்கு ஏறு என்ற அழைப்புதான். வலைக்கு ஓர் அளவு உண்டு. கண்ணியின் அகலத்தைக் கூட்டிக் குஞ்சுகளைத் தப்பவிடலாம். பிடித்தது ஒரு குடும்பத்தின் சோறாகிறது. நஞ்சுக்குக் கண்ணி இல்லை. அது கொன்றதை யாரும் உண்பதில்லை, யாரும் எண்ணுவதும் இல்லை. மீன் குஞ்சுகளின் இரை பாசியிலும் நீர்ப்பூச்சியிலும் இருக்கும்போது, அந்த நஞ்சு மீனவரின் நாளைய வலையையே மெலியச் செய்கிறது. கொல்லாமையைத் திருக்குறள் துறவறவியலில் வைத்ததை நினைவூட்டி, இது இல்லறத்தாருக்கான பேச்சே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். துறவிக்கு முழுமையாக விதித்த ஒன்று இல்லறத்தாருக்குத் துளியும் இல்லை என்றாகாது; வாய்மையும் கள்ளாமையும்கூட அதே இயலில்தான் இருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு அளவைப் பற்றியது. குமாரபாளையம், பள்ளிபாளையம் சாயக்கழிவு ஆற்றில் கலப்பதை எல்லோரும் அறிவார்கள். அதன் முன் ஒரு படகின் பெயிண்ட் எம்மாத்திரம்? கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. அறத்தில் பிறர் செய்யும் பெரும் தீங்கு என் சிறு தீங்கைக் கழித்துவிடாது. இரண்டும் தனித்தனிக் கணக்கு. சாயக்கழிவை நிறுத்த அரசும் நீதிமன்றமும் ஊரும் சேர வேண்டும். என் படகின் பூச்சை மாற்ற நான் ஒருவர் போதும். என் கையில் முழுமையாக இருக்கும் செயலில்தான் என் பொறுப்பும் முழுமையாக இருக்கிறது. அதோடு, ஆற்றைக் காக்கச் சொல்லிக் குரல் கொடுக்கும் உரிமை, ஆற்றோடு அன்றாடம் வாழும் படகோட்டிகளுக்கும் மீனவர்களுக்கும் மற்ற எவரையும்விட அதிகம். தங்கள் பங்கு நஞ்சை விலக்கியவர்களின் குரலுக்கு அந்த உரிமையோடு வலுவும் சேரும்.

நான்காவது மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது. காவிரி தாய், எல்லா அழுக்கையும் தீர்ப்பவள். ஆடிப் பதினெட்டில் மேட்டூரில் நீராடி அணைக்கட்டு முனியப்பனை வணங்குவோர், அந்த நீரை எதுவும் கெடுக்க முடியாது என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேசவில்லை. நீர் மனிதரின் பாவத்தைப் போக்கும் என்பது ஆன்மாவைப் பற்றிய கூற்று. நீரில் உள்ள நத்தைக்குச் செம்பு தீங்கு செய்யுமா என்பது நத்தையின் உடலைப் பற்றியது. முதலாவது உண்மை என்று கொண்டாலும் இரண்டாவது மாறுவதில்லை. தாய் என்று வணங்குபவர், அவள் மடியில் வளரும் மற்றப் பிள்ளைகளையும் கருத வேண்டும் அல்லவா? இந்த வாதத்தைப் பக்தர்கள் ஏற்கெனவே ஒரு துறையில் ஏற்றிருக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய சிலைக் கரைப்பு வழிகாட்டுதல்கள், விநாயகர் சிலைகளில் நச்சு வண்ணங்களை விலக்கி, களிமண்ணையும் இயற்கைச் சாயங்களையும் வலியுறுத்துகின்றன. பல குடும்பங்கள் பூசாத களிமண் பிள்ளையாரை மனமுவந்து வாங்குகின்றன. ஆண்டில் ஒருநாள் நீரில் இறங்கும் தெய்வத்துக்குப் பொருந்தும் விதி, ஆண்டு முழுதும் நீரில் கிடக்கும் படகுக்குப் பொருந்தாமல் போகாது.

கடல் விஷயத்தில் நான் இதே உறுதியோடு பேசமாட்டேன். அங்கே ஒட்டுயிர்கள் கப்பலின் எரிபொருளைப் பெருமளவு கூட்டுகின்றன. ஒரு கடலின் உயிரினத்தை இன்னொரு கடலுக்குச் சுமந்து சென்று அங்குள்ள இனங்களையும் கெடுக்கின்றன. அங்கே ஒரு தீங்கை இன்னொரு தீங்கோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். நஞ்சில்லாமல் வழுக்கலால் மட்டும் உயிர்களை ஒட்டவிடாத சிலிக்கோன் பூச்சுகள் வந்திருப்பது அந்த ஒப்பீட்டை எளிதாக்குகிறது. தேவை உள்ள இடத்தில் அறம் கடினமாகிறது என்பதை ஒப்புக்கொண்டால்தான், தேவை இல்லாத இடத்தில் அது எவ்வளவு எளிது என்பதும் விளங்கும்.

எளிதான அந்த வழி இது. பரிசலுக்குத் தார் பூசுவதென்றால், பெட்ரோலிய எச்சமான பிட்டுமன் தாரை எடுக்க வேண்டும். நிலக்கரித் தாரைத் தவிர்க்க வேண்டும். ஜப்பானில் யாமகிவாவும் இச்சிக்காவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரைத் தடவித் தடவிப் புற்றுநோயை வரவழைத்துக் காட்டியது 1915-இல். அந்தத் தாரின் தீங்கு ஆற்றை அடையும் முன்பே பூசுபவரின் கையிலும் மூச்சிலும் ஏறிவிடுகிறது. ஃபைபர் படகுக்கு அதன் மேல்பூச்சு சிதையாமல் இருந்தாலே போதும். சிதைந்தால் எபாக்சி பூச்சு. இரும்புப் படகுக்குத் துருவைச் சுத்தமாகச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், மேலே எபாக்சி. ஈயமும் குரோமேட்டும் கலந்த பிரைமர்கள் வேண்டாம். பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற வரம்பை 2017 நவம்பர் முதல் நம் நாட்டுச் சட்டம் விதித்தாலும், அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும்தான். படகுக்கு வாங்கும்போது கேட்டுத்தான் வாங்க வேண்டும். எந்தப் பூச்சானாலும் முழுதாகக் காய்ந்த பிறகே கலம் நீரில் இறங்க வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டும் தூள் துறையில் விழாமல் தார்ப்பாயில் சேர வேண்டும். பிரஷ்ஷை ஆற்றில் கழுவக் கூடாது. இவற்றில் எதுவும் ஏழைப் பரிசல்காரரின் செலவை ஏற்றுவதில்லை. உண்மையில் அவரை விலக்கச் சொல்லும் செம்புப் பெயிண்ட்தான் விலை கூடியது. அரசுப் பணத்தில் வாங்கும் படகுகளுக்கு நஞ்சில்லாப் பூச்சு என்பதை ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்தால், இந்த நல்வழி தனிமனித விருப்பத்தை மட்டும் நம்பி நிற்காது.

சமய வாழ்வில் பெரும்பாலான நேரம் இழப்புக்கும் நெறிக்கும் இடையில் தவிக்கிறோம். உண்மை சொன்னால் வியாபாரம் போகும், கொல்லாவிட்டால் பயிர் போகும் என்று ஒவ்வொன்றுக்கும் விலை இருக்கிறது. காவிரிப் படகின் பூச்சில் அந்தத் தவிப்பு இல்லை. பயணிக்கும் படகோட்டிக்கும் மீனுக்கும் நத்தைக்கும் ஒரே பூச்சு நல்லதாக அமைகிறது. கொல்லாமை மிக உயர்ந்த நெறி, சாதாரண மனிதரால் ஆகாது என்று அதைக் கும்பிட்டு ஒதுக்கி வைப்பவர்கள், இவ்வளவு குறைந்த விலையில் கிடைக்கும் இடத்திலிருந்தாவது அதைத் தொடங்கலாம். சிறு நோன்பு என்று இல்லறத்தாருக்கு வகுத்துக் கொடுத்தவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தான்: எங்கே தீங்கில்லாமல் பிழைக்க முடியுமோ, அங்கே தீங்கில்லாமல் பிழைப்பது.